இரண்டு பூ அந்தப் பக்கம், இரண்டு பூ இந்தப் பக்கம்

நசரத்பேட்டையில் பொழுது விடிந்ததைச் சொல்ல சேவல் வேண்டாம், கம்பெனி பஸ் போதும். காலை ஐந்தே காலுக்கெல்லாம் ரோட்டோரம் கூட்டம் சேர்ந்துவிடும். கழுத்தில் அடையாள அட்டை, முதுகில் பை, காதில் இயர்போன். இருங்காட்டுக்கோட்டைக்கு ஒரு பஸ், ஸ்ரீபெரும்புதூருக்கு ஒன்று, ஒரகடத்துக்கு ஒன்று. எதிர்ப்பக்கம் நைட் ஷிப்ட் முடித்தவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டே இறங்குவார்கள். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையும், வண்டலூரில் கிளம்பி மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் போகிற வெளிவட்டச் சாலையும் இங்கேதான் சந்திக்கின்றன. கன்டெய்னர் லாரிக்கு ராத்திரியும் பகலும் ஒன்றுதான்.

பஸ்ஸுக்கு நிற்கிற அத்தனை பேர் முகத்திலும் போன் வெளிச்சம். தப்புச் சொல்லவில்லை. நானும் அப்படித்தான் நிற்பேன். எட்டு மணி நேரம் லைனில் நிற்கப் போகிற பிள்ளைக்குக் கிடைக்கிற பத்து நிமிஷம் அது.

அந்தக் கூட்டத்துக்குப் பின்னால், மூடிய பெட்டிக்கடையின் படியோரம், கோணியை விரித்து ஓர் அக்கா உட்கார்ந்திருப்பார். முன்னால் ஈரத்துணி மூடிய கூடையில் உதிரி மல்லி. இடது கைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நார். இரண்டு அரும்பு அந்தப் பக்கம், இரண்டு அரும்பு இந்தப் பக்கம், காம்பும் காம்பும் முட்டுகிற மாதிரி வைப்பார். நாரை ஒரு சுற்று சுற்றி, கண்ணி போட்டு, சுண்டி இழுத்தால் முடிச்சு விழுந்துவிடும். இழுப்பு ஒரு சிட்டிகை கூடினால் காம்பு அறுந்துபோகும். குறைந்தால் முழம் போடும்போதே பூ கொட்டும். இதையெல்லாம் எழுத எனக்கு ஒரு பத்தி ஆயிற்று. அவர் கைக்கு இரண்டு வினாடி.

ஒருநாள் கேட்டேன், "இப்படிக் கட்டிக்கினே இருக்கிறப்ப மனசுல என்னக்கா ஓடும்?"

என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சொன்னார்: "இன்னா ஓடும்? அது வேற எங்கனா ஓடிச்சின்னா முடிச்சு லூசாப் பூடும் சார்."

மன அமைதியைப் பற்றி ஒரு வாரப் பத்திரிகைக்கு அட்டைப்படக் கட்டுரை எழுத வேண்டும் என்று புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருந்தவனுக்கு, அந்தப் பதிலில் பாதிக் கட்டுரை கிடைத்துவிட்டது.

செயலி கொடுத்த நிம்மதி

முதலில் என் யோக்கியதையைச் சொல்லிவிடுகிறேன். மன அமைதிக்கென்று போனில் ஒரு செயலியை இறக்கினேன். தினம் பத்து நிமிஷம் கண்ணை மூடி உட்கார வேண்டும். உட்கார்ந்த நாளையெல்லாம் அது எண்ணிக்கொண்டே வரும். 23 நாள் வரை ஒழுங்காகப் போயிற்று. 24-ஆம் நாள் வீட்டில் விருந்தாளி, உட்கார முடியவில்லை. ராத்திரி பன்னிரண்டு தாண்டியதும் எண்ணிக்கை மறுபடி பூஜ்ஜியத்துக்கு வந்துவிட்டது. அடுத்த நாள் முழுக்க எனக்கு அந்த 23 நாள் போன துக்கம். அமைதியைத் தேடிப் போய்க் கைமுதலாகக் கொஞ்சம் கவலையை வாங்கி வந்த கதை.

செயலியின் மேல் பழி போட மாட்டேன். சிலருக்கு அது உதவுகிறது. ஆனால் கண்ணை மூடி, முதுகை நிமிர்த்தி, எதுவும் செய்யாமல் உட்கார்வதுதான் மனதைப் பிடிக்கிற ஒரே வழி என்று யாரோ நமக்குச் சொல்லிவைத்துவிட்டார்கள். அப்படி உட்கார்ந்தால் பெரும்பாலானவர்களுக்கு என்ன ஆகிறது? கேஸ் சிலிண்டர் பதிவு செய்ய மறந்தது, மேனேஜர் முந்தாநாள் பார்த்த பார்வை, மாமியார் 2011-இல் சொன்ன ஒரு சொல் எல்லாம் வரிசையில் வந்து நிற்கின்றன. 'எனக்கெல்லாம் தியானம் வராது' என்று எழுந்துவிடுகிறார்கள்.

மனம் அலைவது யாருடைய தனிக் குறையும் இல்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட் என்ற இருவர் 2010-இல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 2,250 பேருடைய ஐபோனுக்கு நாளில் அவ்வப்போது கேள்வி வரும். இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள், மனம் அதில் இருக்கிறதா, எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறீர்கள். கணக்குப் பார்த்ததில், விழித்திருக்கும் நேரத்தில் 46.9 சதவீதம் மனம் செய்கிற வேலையில் இல்லை. அப்படி இல்லாத நேரங்களில் ஜனங்கள் சந்தோஷம் குறைவாகவே இருந்தார்கள். எனக்கு ஆச்சரியம் தந்தது அடுத்த விஷயம்தான். மனம் இனிமையான நினைவுக்கே போயிருந்தாலும், கையில் இருக்கிற வேலையில் இருப்பதைவிட அது கூடுதல் சந்தோஷம் தரவில்லை. ஊட்டியை நினைத்துக்கொண்டு பாத்திரம் தேய்ப்பவரைவிடப் பாத்திரத்தை நினைத்துப் பாத்திரம் தேய்ப்பவர் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

பூக்கார அக்கா அந்த ஆய்வைப் படிக்கவில்லை. அவருக்கு முடிச்சு சொல்லிவிடுகிறது.

விசிறி பிடித்த கை

நசரத்பேட்டையிலிருந்து கிழக்கே கொஞ்ச தூரம் போனால் பூந்தமல்லி. பழைய பெயர் பூவிருந்தவல்லி. அந்த ஊரில்தான், சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, திருக்கச்சி நம்பிகள் பிறந்தார். வைணவ குருபரம்பரை சொல்கிற ஆண்டு 1009, மாசி மாதம், மிருகசீரிட நட்சத்திரம். வணிகர் குலம். வைணவ ஆசாரியர் ஆளவந்தாரின் சீடர். காஞ்சி வரதராஜப் பெருமாளுக்கு இந்த ஊர்ப் பூவைப் பறித்துக் கட்டிக்கொண்டு போய்க் கொடுத்தவர். அங்கே நின்று பெருமாளுக்கு ஆலவட்டம் வீசியவர். ஆலவட்டம் என்றால் பெரிய வட்ட விசிறி.

பூந்தமல்லியிலிருந்து காஞ்சிக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். இன்றைய நெடுஞ்சாலைதான் அன்றைய பாதையா என்பதை யார் அறிவார்? ஆனால் மேற்கே போனவர் நம் ஊர்ப் பக்கமாகத்தானே போயிருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு நினைப்பு. ஈரம் காயாமல் பூவைப் பொத்திக்கொண்டு ஒருவர் இந்த வழியாக நடந்தார் என்று நினைத்துக்கொண்டால் இந்தச் சந்திப்பில் பஸ்ஸுக்கு நிற்பது அவ்வளவு கஷ்டமாக இல்லை.

அவரைப் பற்றி வைணவப் பெரியவர்கள் சொல்லும் ஒரு கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். முதலில் அவர் திருவரங்கத்துக்குப் போய் அரங்கனுக்கு வீச நினைத்தாராம். சுற்றிலும் காவிரி, எனக்கு இங்கே குளிர்ச்சிதான் என்றாராம் அரங்கன். திருவேங்கடம் போனார். மலை மேல் இருக்கிறேன், எனக்கு எதற்கு விசிறி என்றாராம் வேங்கடவன். வரதரோ பிரம்மாவின் வேள்வித் தீயிலிருந்து தோன்றியவர். அவருக்குத்தான் புழுக்கம், அவர் வா என்றார். பூந்தமல்லி வரதராஜர் கோயிலில் இந்த மூன்று பெருமாள்களுக்கும் சன்னிதி உண்டு. நல்ல மனசோடு ஒரு வேலையைக் கையில் எடுத்துக்கொண்டு, அதற்குப் புழுக்கமாக இருக்கிற இடத்தைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. எல்லார் வீட்டிலும் விசிறிக்கு வேலை இருப்பதில்லை.

இன்னொரு கதை இதைவிடக் காரமானது. வரதர் நம்பிகளோடு நேரில் பேசுவார் என்பது ஐதீகம். ராமானுஜரே தம் சந்தேகங்களைக் கேட்டுச் சொல்லும்படி இவரிடம்தான் வந்தார். பதிலாகக் கிடைத்தவைதான் 'ஆறு வார்த்தைகள்' என்று வைணவர்கள் போற்றுபவை. அப்படிப்பட்டவர் ஒருநாள் பெருமாளிடம், எனக்கு மோட்சம் உண்டா என்று கேட்டாராம். நீ வீசினாய், நான் உன்னோடு பேசினேன், கணக்கு நேராகிவிட்டது, மோட்சம் வேண்டுமென்றால் ஓர் ஆசாரியருக்குத் தொண்டு செய்து வா என்று பதில் வந்ததாம்.

முதல்முறை கேட்டபோது எனக்குப் பெருமாள் மேல் கோபம் வந்தது. இப்போது என் செயலியின் 23 நாள் ஞாபகம் வருகிறது. இத்தனை நாள் உட்கார்ந்தேன், அமைதியை எண்ணிக் கொடு என்று கேட்டால் கணக்கு நேராகிவிட்டது என்றுதான் பதில் வரும்.

பக்திக் கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் இஷ்டம். நான் பார்ப்பது அந்தக் கையைத்தான். விசிறி வீசுவது உலகத்திலேயே சலிப்பான வேலை. வலது, இடது, வலது, இடது. அதில் சாமர்த்தியம் காட்ட இடமில்லை. ஆனால் எதிரில் இருப்பவருக்குக் காற்று போதுமா, அதிகமா என்று கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். கரண்ட் போன ராத்திரியில் குழந்தைக்கு விசிறிய அம்மாக்களுக்கு இது தெரியும். பாதித் தூக்கத்திலும் கை நிற்காது. நின்றால் குழந்தை புரண்டு படுக்கும். உடனே கை மறுபடி ஓடும்.

நசரத்பேட்டைக்கு மேற்கே திருமழிசை. அங்கே அவதரித்த ஆழ்வாரை எடுத்து வளர்த்தவர்கள் பிரம்பு அறுக்கிற தம்பதி என்கிறது வைணவ மரபு. நம் ஊர்க்காரர்களின் கதைகளில் ஞானிக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு கைவேலை இருக்கிறது. அதை வெறும் தற்செயல் என்று தள்ள எனக்கு மனமில்லை.

தறியில் உட்கார்ந்த ஆள்

அந்த வரிசையில் நம் காலத்துக்கு ரொம்பப் பக்கத்தில் வருகிறவர் வேதாத்திரி மகரிஷி. வெளிவட்டச் சாலையின் தெற்கு முனை வண்டலூர் என்றால், அதற்குப் பக்கத்து ஊர் கூடுவாஞ்சேரி. அங்கே 1911 ஆகஸ்ட் 14 அன்று ஒரு ஏழை நெசவாளர் குடும்பத்தில் பிறந்தார். தறியில் உட்கார்ந்து நெய்தவர். 1958-இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார். பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் ஆழியாறில் அறிவுத் திருக்கோயில் எழுப்பினார். 2006-இல் மறைந்தார். 'வாழ்க வளமுடன்' என்ற வாழ்த்து இன்று ஆட்டோவின் முதுகில்கூட இருக்கிறது. அதை ஊரெல்லாம் பரப்பியவர் இவர்தான். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று எங்கள் மேற்குப் பக்கத்திலும் மனவளக்கலை போர்டு கண்ணில் படும்.

அவர் தத்துவத்தில் எனக்கு எட்டாதது நிறைய உண்டு. ஆனால் கவலையைப் பற்றி அவர் சொன்ன ஓர் ஏற்பாட்டை நான் வருஷக்கணக்காகப் பிழைப்புக்குப் பயன்படுத்துகிறேன். உங்கள் கவலைகளை ஒரு தாளில் எழுதுங்கள் என்கிறார். எழுதியதை நான்காகப் பிரிக்க வேண்டும். அனுபவித்தே தீர வேண்டியவை, தள்ளிப்போட வேண்டியவை, அலட்சியம் செய்ய வேண்டியவை, உடனே தீர்க்க வேண்டியவை.

படிக்கும்போது சாதாரணமாக இருக்கும். செய்து பாருங்கள். போன மாதம் என் தாளில் 11 கவலை இருந்தது. அப்பாவுக்குக் காது கேட்பது குறைந்துகொண்டே வருவது அனுபவித்தே தீர வேண்டியது. அந்தக் கட்டத்தில் அதை எழுதும்போது கொஞ்சம் அழுகை வந்தது, எழுதி முடித்ததும் நின்றது. பையனின் பன்னிரண்டாம் வகுப்பு தள்ளிப்போட வேண்டியது, அவன் இன்னும் ஒன்பதாவதுதான் படிக்கிறான். பக்கத்து வீட்டுக்காரர் கல்யாணப் பத்திரிகை வைக்கவில்லை என்பது அலட்சியக் கட்டம். உடனே தீர்க்க வேண்டியதில் மிஞ்சியது இரண்டுதான்: ஒழுகுகிற குழாய், ஒரு நண்பனுக்குச் சொல்ல வேண்டிய மன்னிப்பு. குழாய்க்கு ஆள் வர மூன்று நாள் ஆனது. மன்னிப்புக்கு நான்கு நிமிஷம்.

இதில் தாளும் பேனாவும் முக்கியம் என்பது என் அனுபவம். மனதுக்குள்ளேயே பிரித்தால் எல்லாக் கவலையும் 'உடனே' கட்டத்துக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும். கை எழுதினால்தான் அவை ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்கின்றன. இழையை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பழகிய ஆளுக்குத்தான் இப்படி ஒரு வழி தோன்றியிருக்கும் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றையும் அவர் விட்டுப்போயிருக்கிறார். தம் மனைவி லோகாம்பாள் அம்மையார் பிறந்த ஆகஸ்ட் 30-ஆம் தேதியை 'மனைவி நல வேட்பு நாள்' என்று ஆக்கினார். மனவளக்கலை மன்றங்களில் அன்று கணவன் மனைவிக்கு மலர் கொடுப்பார், மனைவி கணவனுக்குக் கனி கொடுப்பார். வேடிக்கை பார்க்கப் போன ஒரு மன்றத்தில், மீசை நரைத்த மனிதர் ஒருவர் கையில் ரோஜாவை வைத்துக்கொண்டு யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்தார். அந்த அம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஆப்பிளை நீட்டினார். நன்றி சொல்வது உடம்புக்கும் மனசுக்கும் நல்லது என்று உளவியல் புத்தகங்கள் பக்கம் பக்கமாகச் சொல்கின்றன. நம் வீடுகளில் நன்றி என்ற சொல்லை வாய்விட்டுச் சொன்னால் அந்நியப்பட்டுப் போகும். 'சாப்டியா?' என்று கேட்பதுதான் நமக்கு நன்றி. அதனால் கையில் ஒரு பூவைக் கொடுத்து, பேச வேண்டியதை அதைப் பேசவிட்டது கெட்டிக்காரத்தனம்.

வாசலும் சிக்னலும்

கோலத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் வீட்டில் சோறு கிடைக்காது. அடுக்குமாடியில் வாசல் சுருங்கிவிட்டது, ஸ்டிக்கர் கோலம் வந்துவிட்டது, எல்லாம் சரி. ஆனாலும் மார்கழியில் எங்கள் தெருவில் இன்னும் புள்ளி வைக்கிறார்கள். நெளிக்கோலம் போடும்போது பாருங்கள். கோடு ஒரு புள்ளியையும் தொடாமல் எல்லாப் புள்ளியையும் சுற்றிவிட்டுத் தொடங்கிய இடத்துக்கே வர வேண்டும். நடுவில் போன் அடித்து எடுத்தால் எங்கே விட்டோம் என்பது போய்விடும். சென்னை கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருதிவாசனோடு சேர்ந்து 1974-இல் கோலத்தைக் கணினி அறிவியலின் இலக்கண விதிகளுக்குள் கொண்டுவந்து ஆய்வுக் கட்டுரையே எழுதினார்கள். அவ்வளவு கணக்கு நம் வாசலில் இருக்கிறது. போடுகிறவர் அந்தக் கணக்கைப் பேசுவதில்லை, மாவை விரல்வழி விட்டுக்கொண்டே போகிறார். குனிந்து நிமிர்வது, விடியல் காற்று, எதிர்வீட்டாரோடு இரண்டு வார்த்தை எல்லாம் இலவச இணைப்பு.

இதையெல்லாம் பெண்கள் தலையில் மட்டும் கட்டினால் அது மன அமைதி ஆகாது, இன்னொரு வேலை ஆகிவிடும். ஆறு மணி ஷிப்டுக்கு ஓடுகிற பெண்ணிடம் போய்க் கோலம் போடம்மா, மனசு ஒருநிலைப்படும் என்று சொல்கிற ஆம்பளை முதலில் துடைப்பத்தைக் கையில் எடுக்கட்டும். கோயில் வாசல் கடைகளில் மாலை கட்டுகிறவர்களில் எத்தனையோ பேர் ஆண்கள்தான். கை ஆண் கை, பெண் கை என்று பார்ப்பதில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சிக்னலில் நிற்கும்போது போனை எடுக்காமல், மூச்சை இழுத்ததைவிட மெதுவாக வெளியே விடுங்கள். மூச்சு வெளியே போகும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே கொஞ்சம் தணிகிறது. அது உடம்பின் ஏற்பாடு, நம்பிக்கை வேண்டியதில்லை. பூந்தமல்லி ரோட்டில் தினம் போகிறவருக்குப் பயிற்சிக்கான சிக்னலுக்குப் பஞ்சமில்லை. காலை டீயின் முதல் மூன்று வாயை வேறு எதையும் செய்யாமல் குடியுங்கள். அமெரிக்காவில் ஜான் கபாட்-ஜின் 1979-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் தொடங்கிய மன அழுத்தக் குறைப்புப் பயிற்சியில், ஒரே ஒரு உலர்ந்த திராட்சையை நிமிஷக்கணக்கில் பார்த்து, மோந்து, மென்று தின்னச் சொல்வார்கள். நமக்கு டீக்கடை கிளாஸ் போதும். சூட்டில் விரல் மாற்றி மாற்றிப் பிடிப்பதே தனிக் கவனம்தான். ஞாயிற்றுக்கிழமை முடிந்தால் செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம் போய் வாருங்கள். 24 அடி வரை நீர் நிற்கிற ஏரி. 2015 டிசம்பர் வெள்ளம் முதல் எங்கள் பகுதிக்காரர்கள் அந்த அடிக்கணக்கைப் பயத்தோடு செய்தியில் மட்டும்தான் பார்க்கிறோம். நீரை நேரில் பார்த்தால் பயம் கொஞ்சம் அடங்குகிறது.

மூச்சுப் பயிற்சிக்கு அடங்காதவை

இங்கே கொஞ்சம் குரலை உயர்த்த வேண்டியிருக்கிறது. 2021 டிசம்பரில், இதே சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் தொழிற்சாலைப் பெண்கள் ராத்திரியில் வந்து உட்கார்ந்தார்கள். பூந்தமல்லி பக்கம் விடுதியில் தங்கியிருந்தவர்களில் நூறு பேருக்கும் மேல் கெட்டுப்போன சாப்பாட்டால் மருத்துவமனைக்குப் போனதுதான் காரணம். போக்குவரத்து மணிக்கணக்கில் நின்றது. ஆலை சில வாரம் மூடிக் கிடந்தது. விடுதியும் உணவுக்கூடமும் தரமாக இல்லை என்று நிறுவனம் ஒப்புக்கொண்ட பிறகுதான், 2022 ஜனவரியில் மறுபடி திறந்தது. அந்த ராத்திரி அந்தப் பிள்ளைகளிடம் யாராவது போய், கண்ணை மூடி மூச்சைக் கவனியுங்கள் என்று சொல்லியிருந்தால் அது பாவம். அவர்களுக்கு வேண்டியிருந்தது நல்ல சோறு, படுக்க இடம். கேட்டார்கள், கிடைத்தது. அந்த வெற்றி அவர்கள் மனசுக்குச் செய்ததை எந்தத் தியானமும் செய்திருக்காது.

வாரம் ஒருமுறை மாறுகிற ஷிப்ட், தூக்கமே வராத பகல், வட்டிக்கு வாங்கிய பணம், அடிக்கிற புருஷன். இவற்றுக்கெல்லாம் 'மனசைப் பார்த்துக்கோ' என்பது பதில் ஆகாது. கம்பெனிகள் வருஷத்துக்கு ஒருநாள் யோகா ஆசிரியரைக் கூட்டிவந்து போட்டோ எடுத்துக்கொள்வதைப் பார்க்கும்போது, அதற்குப் பதில் இரண்டு ஷிப்டுக்கு நடுவே பதினைந்து நிமிஷம் கூடுதலாக விட்டால் என்ன என்று கேட்கத் தோன்றுகிறது.

நோய் என்பது வேறு. 2015–16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருந்தது. நூறு பேர் ஏறுகிற இரண்டு கம்பெனி பஸ்ஸில் பத்துப் பேருக்கு மேல். அவர்களில் பெரும்பாலோர் சிகிச்சைக்குப் போகவில்லை. தியானம் என்ன செய்யும் என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். 2014-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் உள்மருத்துவ இதழில் 47 ஆய்வுகளை, 3,515 பேருடைய விவரங்களைச் சேர்த்துப் பார்த்த கட்டுரை வந்தது. பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றுக்கு ஓரளவு பலன் உண்டு. ஆனால் மருந்து, உடற்பயிற்சி போன்ற மற்ற சிகிச்சைகளைவிட மேல் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று அது சொன்னது. அதாவது நல்ல நடையைவிட மேல் என்று சொல்ல முடியாது. எனக்கு அந்த அளவு போதும். நடை யாரையும் ஏமாற்றியதில்லை.

சர்க்கரைக்கு மாத்திரை போடுவதைப் போல இதற்கும் மாத்திரை உண்டு, டாக்டர் உண்டு. சாரதா மேனன் 1984-இல் தொடங்கிய 'ஸ்கார்ஃப்' அமைப்பு அண்ணா நகர் மேற்கில் இருக்கிறது. கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை நம் ஊரில் 1794-இலிருந்து வருகிற ஏற்பாடு. அந்தப் பெயரை வசவாக மாற்றி வைத்தது நாம் செய்த பிழை. லட்சுமி விஜயகுமார் 1986-இல் தொடங்கிய 'சினேகா'வில் தொண்டர்கள் செய்வது ஒன்றே ஒன்று: பேசுகிறவர் பேச்சைக் குறுக்கிடாமல் கேட்பது. புத்திமதி கிடையாது, 'நான் அப்பவே சொன்னேனே' கிடையாது. இதை நம் வீட்டிலேயே செய்யலாம். செய்து பாருங்கள், எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். ஐந்து நிமிஷம் என் மனைவி பேசுவதை நடுவில் தீர்வு சொல்லாமல் கேட்க எனக்கு இரண்டு வாரப் பழக்கம் வேண்டியிருந்தது. அந்த நேரம் கைக்கு ஒரு வேலை கொடுத்தால் வாய் சும்மா இருக்கிறது. நான் பூண்டு உரிக்கிறேன்.

ஐந்தே முக்கால்

கடைசி பஸ் போய்விட்டது. கூட்டம் கலைந்த இடத்தில் டீ கப்புகள், ஒரு பிஸ்கட் உறை. பூக்கார அக்கா கூடையின் ஈரத்துணியைத் தூக்கிப் பார்த்தார். பாதிதான் ஆகியிருந்தது. கட்டியதை முழங்கையில் அளந்து சுருட்டி வாழை இலையில் வைத்தார்.

நேற்று அவரிடம் கட்டிய பூ வேண்டாம், நூறு கிராம் உதிரி கொடுங்கள் என்றேன். எதற்கு என்றார். நானே கட்டப் போகிறேன் என்றேன். சிரித்துவிட்டு, நாரில் கொஞ்சம் கிள்ளித் தண்ணீரில் நனைத்துக் கொடுத்தார். காசு பூவுக்கு மட்டும்தான் வாங்கினார். ஒரு முழம் கட்ட எனக்கு 40 நிமிஷம் ஆயிற்று. பதினேழு அரும்பின் காம்பு போயிற்று. அந்த 40 நிமிஷத்தில் போனில் ஆறு அழைப்பு வந்திருந்ததைப் பிறகுதான் பார்த்தேன்.

இந்த வாரம் நீங்களும் ஒருநாள் உதிரியாக வாங்கிப் பாருங்கள். மல்லி விலை ஏறிக் கிடந்தால் சம்பங்கி போதும். கட்டத் தெரியாதென்றால் வீட்டில் அம்மாவைக் கேளுங்கள், அம்மா இல்லையென்றால் பூ விற்கிறவரைக் கேளுங்கள், சொல்லித் தருவார்கள். மனசுக்குப் பூவாலும் நடையாலும் அடங்காத பாரம் இருந்தால் 14416-க்குப் பேசுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் டெலிமானஸ் சேவை அது. தமிழில் பேசலாம், ராத்திரி பகல் எப்போதும் எடுப்பார்கள், காசு கிடையாது.